இறங்க மாட்டாள்

...திரும்பிப் போகலாம் என்று சொல்வான், இதோ சொல்லப்போகிறான், ஹாரனை இன்னும் ரெண்டு அழுத்து அழுத்திவிட்டு, முகத்தைத் திருப்பாமலே சொல்வான், கலையரசிக்குத் தெரியாதா, புருஷன் தங்கபாண்டியன் பாதியில் திருப்பாத பயணம் எது, சுருளி அருவிக்குக் கிளம்பிக் கூட்டம் என்று கம்பத்திலேயே திரும்பினது, வைகை அணைக்குக் கிளம்பி வெயில் என்று திரும்பினது, அவள் தங்கச்சி கல்யாணத்தில் பந்தி பிந்துகிறது என்று இலை போடுமுன்னே அவளைக் கிளப்பிக்கொண்டு வந்தது... “பாத்தியா, நான் அப்பவே சொன்னேன். வண்டியத் திருப்புறேன்,” சொல்லிவிட்டான். முன்னால் வரிசையாக வண்டிகள், அதற்கும் முன்னால் மலை ரோட்டின் வளைவில், மழைக்கு வேரோடு சாய்ந்த மரம் குறுக்கே கிடக்கிறது. அறுக்க ஆள் வருகிறதாம். ஜீப்புக்காரர்கள் இறங்கி பீடி பற்றவைத்துவிட்டார்கள், அவர்களுக்கு அவசரமில்லை, இவனுக்கு மட்டும் ஏன்... மச்சினனிடம் இரவல் வாங்கின காரைச் சாயங்காலம் கொடுத்தால் போதுமே.

“நான் வரல.” யார் சொன்னது, அவளேதானா? “ஆளு வருதுன்னு சொல்றாகள்ல. இருப்போம்.” “எம்புட்டு நேரம்?” “ஆகுற நேரம் ஆகட்டும்.” “கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு? புளிச்சோறு திங்க மலை ஏறணுமா? தெனமும் பாக்குற மலைதான?” தினமும் பார்க்கிற மலை! விடியுமுன்னே போடியில் ஜீப்பு ஏறினால் மடியில் தூக்குவாளி, முழங்காலில் அடுத்தவள் முழங்கால், தார்ப்பாய் இடுக்கில் துண்டு வானம், மேலே போய் ஏலச்செடிக்கு அடியில் குனிந்தால் நிமிர்வது இறங்குகிற நேரத்துக்குத்தான், இதில் எங்கே மலையைப் பார்த்தாள்? மேலேயிருந்து நம்ம ஊர் எப்படியம்மா தெரியும் என்று மகள் பானுப்பிரியா போன வாரம் கேட்டாள், ஏதோ பள்ளிக்கூடத்துப் பேச்சு. இத்தனை வருஷம் ஏறி இறங்கியும் அவளுக்கே தெரியாது, அதைப் பார்க்கத்தான் இன்றைக்கு மூணு பேருமாகக் கிளம்பியது. அது இவனுக்குப் புரியுமா... கதவைத் திறந்து, சாப்பாட்டுப் பையோடு இறங்கினாள். தடுப்புச் சுவரில் போய் உட்கார்ந்தாள். மகளும் இறங்கினாள், முணுமுணுத்துக்கொண்டே, “டவரே இல்லம்மா, போயிருவோம்மா, எனக்குப் போரடிக்குது.” அப்பனைப் போலவே நெற்றியில் அந்த நரம்பு. உனக்காகத்தானடி என்று கையை ஓங்க வந்தது, ஓங்கவில்லை, மூச்சு ஒன்றை உள்ளே இழுத்து, “இங்கன உக்காரு,” என்றாள், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவளும் உட்கார்ந்தாள்.

காரைத் திருப்பினான். உறுமல், பின்னால், முன்னால், மறுபடி உறுமல், “கடைசியாக் கேக்குறேன்!” அவள் தலையைத் திருப்பவில்லை. கார் இறங்கிப்போனது. போகட்டும். கலையரசி மாதிரிப் பொறுமைக்காரி உண்டா என்று சொந்தமெல்லாம் சொல்லும், அவன் கிளப்பின இடத்திலெல்லாம் எழுந்து பின்னாலேயே போனதற்குப் பொறுமை என்று பேர் வைத்தது யார், அது பயமில்லையா? இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறாள், ஊரில் இதை வீம்பு என்பார்கள், சொல்லிக்கொள்ளட்டும். ரோடு திறந்தால் ஏதாவது ஜீப்பில் இடம் கேட்டு ஏறிக்கொள்வாள், அவளைத் தெரியாத ஜீப்புக்காரனா இந்த மலையில்... மேலே மரம் அறுக்கிற மெஷின் வாள் இரைய ஆரம்பித்தது, ஆள் வந்துவிட்டது, மரத்தூள் வாசம் காற்றில் இறங்கியது.

“அம்மா, அப்பா கீழ் வளைவுல நிப்பாட்டிட்டாரு போல. சத்தத்தக் காணோம். போய்க் கூப்புடட்டா?” “வேணாம்டி. வர்றதா இருந்தா அவரே வரட்டும்.” பையைப் பிரித்தாள், மகளுக்கு எடுத்துக் கொடுத்தாள். வாள் நின்று நின்று இரைந்தது. மரம் அறுந்ததா என்று எல்லோரும் மேலே பார்க்க, தன் காது மட்டும் கீழ் வளைவிலேயே இருப்பதை அப்போதுதான் கவனித்தாள்... என்ன இது, ஒரு செருப்புச் சத்தம் ஏறி வருகிறதா என்றா கேட்டுக்கொண்டிருக்கிறோம், ரோட்டுக்காக உட்கார்ந்திருக்கிறோமா, அவனுக்காகவா? தெரியவில்லை. எதற்காகவோ இருக்கட்டும், எழுந்திருக்கப் போவதில்லை, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சுவரில் இன்னும் நன்றாக ஏறி உட்கார்ந்தாள்.