அக்காவின் பெட்டிக்கு இரண்டாவது தடுப்பு

1

இந்தக் கதை ஒரு புகாரிலிருந்து பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அலமாரியில் வைக்க ஒரு பிளாஸ்டிக் பெட்டி வாங்கினேன். அதற்குள் இறக்கும் துணித் தடுப்பு ஒன்றையும் தனியாக வாங்கினேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பெட்டிக்குள் சாமான்கள் கட்டிப்புரளாமல் இருக்க, அறை அறையாகப் பிரித்துத் தைத்து, நடுவில் அட்டை வைத்து விறைப்பாக்கிய துணி அது. என்னுடையது வந்த வேகத்திலேயே குடிகாரனைப் போலச் சாய்ந்துவிட்டது. கம்பெனிக்குப் போன் செய்து கத்தினேன். எடுத்தவள் அதைத் தைத்தவளேதான். சின்னக் கம்பெனி போலிருக்கிறது, தைக்கிறவளே திட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பெட்டியின் வாயை அளந்தீர்களா, அடியை அளந்தீர்களா என்று கேட்டாள். இந்தப் பெட்டிகள் வாய் அகன்று அடி ஒடுங்கியவை. வாயை அளந்து தடுப்பு வாங்கினால் அடியில் கசங்கிச் சாயும். நான் வாயைத்தான் அளந்திருந்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"இதுக்கு முன்னாடி பழசு ஒண்ணு வெச்சிருந்தீங்களா?" என்றாள்.

இருந்தது, குப்பையில் போட்டுவிட்டேன் என்றேன். அந்தப் பக்கம் நெடுநேரம் பேச்சே இல்லை. பிறகு "சரிங்க" என்று வைத்துவிட்டாள்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த மௌனத்தில் அவள் தண்ணீர்கூடக் குடித்திருக்கலாம். மீதி எல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "மழை பெய்துகொண்டிருந்தது." அடித்துவிட்டேன். எந்தக் கதையில்தான் பெய்யவில்லை?

இரண்டாவது: "கத்தரிக்கோலை எடுத்தபோது அவளுக்குத் தெரியாது, தான் வெட்டப்போவது"

இதையும் பாதியில் விட்டேன். வாசகரைப் பயமுறுத்திப் பிழைக்கிற வேலை. கத்தரிக்கோல் வரும்போது வரட்டும்.

மூன்றாவதுதான் நின்றது. அதிலிருந்து போகிறேன்.

3

அக்காவுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. தங்கைக்கு அது தெரியும். தங்கைக்குத் தெரியும் என்பது அக்காவுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அக்கா தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பெற்றவர்கள் போன பிறகு தங்கையை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவள் அவள்தான். தான் மட்டும் கட்டிக்கொள்ளவில்லை. மாடியில் ஒற்றை அறை, ஒட்டினாற்போல் சமையலிடம். சர்க்கரை நோய் முதலில் கண்ணைப் பிடித்தது, பிறகு விரல் நுனிகளை மரத்துப்போக வைத்தது.

தங்கைக்கு வேலை வீட்டுச் சாமான் கம்பெனியில். புதுப் பெட்டி எது வந்தாலும் அதை அளந்து, காகிதத்தில் வரைந்து, வெட்டி, முதல் மாதிரித் தடுப்பைத் தைப்பவள் அவள். எதைக் கண்டாலும் அளக்காமல் விடமாட்டாள் என்பதால் அங்கே அவளுக்கு அளவுக்காரி என்று பெயர். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் சட்டைத் தோளில் தையல் கோணியிருந்ததைத்தான் முதலில் பார்த்தாளாம்.

(நீங்கள் நியாயமாகக் கேட்பீர்கள்: அக்காவைத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டியதுதானே? நானும் கேட்டேன். தங்கை வீட்டில் கணவன், படுத்த படுக்கையாக மாமனார், வளர்ந்த இரண்டு பையன்கள், மொத்தம் இரண்டு அறை. எழுதுகிறவனுக்கு என்ன செலவு என்று ஓர் அறையைக் கூட்டிக் கட்டிப் பார்த்தேன். அக்கா அப்போதும் வரவில்லை. "உன் வீட்ல நான் ஒரு மூலையா கெடக்க மாட்டேன்" என்றாள். அறையை இடித்துவிட்டேன்.)

நிழல் நிழலாகக் கொஞ்சம் தெரிந்துகொண்டிருந்த காலத்திலேயே தங்கை அக்காவின் மருந்துப் பெட்டிக்கு ஒரு தடுப்பு தைத்துக் கொடுத்தாள். காலை மாத்திரைக்கு மஞ்சள் நிறத்தில் டவல் துணிப் பை. ராத்திரி மாத்திரைக்கு மேடு மேடாக வரி ஓடும் சிவப்புத் துணி. கண் சொட்டு மருந்துக்குப் பொத்தான் வைத்த பை. ஊசி நூலுக்கு ஒன்று, சாவிக்கு ஒன்று. அக்கா நிறத்தைப் பார்த்துப் பார்த்துக் கையை விட்டாள். நாளாக ஆக நிறம் மங்கியது, கைக்கு இடம் பழகிவிட்டது. கண் தான் போகிற போக்கில் கைக்கு வழி சொல்லிவிட்டுப் போனது.

கடைசி வெளிச்சமும் போன பிறகு அக்கா தடுமாறவில்லை. கரண்ட் போனால் இந்தக் கட்டடத்திலேயே நேராக நடக்கிறவள் தான் ஒருத்திதான் என்று பெருமையடித்துக்கொண்டாள். பெட்டியைத் திறந்தால் கை நேரே பின்பக்க இடது மூலைக்குப் போய் ராத்திரி மாத்திரையோடு வரும்.

(இந்தப் பகுதியை முன்பு வேறு மாதிரி எழுதியிருந்தேன். நன்றாக இருக்கட்டும் என்று திருத்தினேன். திருத்தியதில் அக்கா வாய்விட்டுச் சிரிக்கும் இடம் ஒன்று காணாமல் போய்விட்டது. எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.)

4

இனிமேல் வருவதைத் தள்ளிப்போட முடிந்தவரை தள்ளிப்போட்டேன். பென்சில் சீவினேன்.

அந்தத் தடுப்பில் ஒரு குறை இருந்தது. தைத்தவளுக்கு மட்டும் தெரிகிற குறை. அதிகம் எடுக்கிற சாமான் முன்பக்கம் இருக்க வேண்டும் என்பது அவள் தொழிலின் பாலபாடம். ராத்திரி மாத்திரையோ பின்னால், ஆழத்தில் கிடந்தது. அக்கா ஒவ்வொரு முறையும் மணிக்கட்டை வளைத்து எடுப்பதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. உள்ளே வைத்த அட்டையும் ஈரத்தில் தொய்ந்து, ஒரு தடுப்பு பக்கத்துத் தடுப்பின் மேல் சாய்ந்திருந்தது. அக்கா ஒன்றும் கேட்கவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுப்பது என்பார்கள். ஊதியவள் ஆசையோடுதான் ஊதினாள் என்பதை யாரும் சொல்வதில்லை.

விடுமுறை நாளொன்றில் புதுத் தடுப்பைக் கொண்டுவந்தாள். நல்ல கெட்டித் துணி, நனைந்தாலும் தொய்யாத அட்டை, ஓரமெல்லாம் பட்டி பிடித்து, ராத்திரி மாத்திரை முன்பக்கம் வலது கைக்கு வாகாக. பெட்டிக்குள் அது ஒரு மூலைகூடச் சுருங்காமல் இறங்கியது. அவள் தைத்ததிலேயே அதுதான் உத்தமம்.

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. புது மாதிரி தேறியதும் பழைய மாதிரியைக் குறுக்கே வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் வெட்டுகிற மேசையில் இரண்டும் கலந்து, கட்டுக் கட்டாகத் துணி பாழாகும். அந்த வேலை அவள் கைக்கு மூச்சு விடுகிற மாதிரி. பெட்டியைப் பார்த்து ரசித்துக்கொண்டே பழசை மடித்துப் பிடித்தாள், வெட்டினாள். அட்டை முறிகிற சத்தம் அக்காவுக்குக் கேட்டது.

"என்னடி அது?"

"பழசுக்கா. இனிமே அது எதுக்கு?"

அக்கா பெட்டிக்குள் கையை விட்டாள். கை பின்பக்க இடது மூலைக்குப் போனது. அங்கே சாவி இருந்தது. அவள் சாவியைத் தடவிப் பார்த்தாள்.

(கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல என்று எழுதி அடித்தேன். இந்த வீட்டில் அந்தப் பழமொழியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.)

5

பழகிக்கொள்ளலாம் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். ஆனால் முதல் தடுப்பைக் கற்றுக்கொண்டபோது கண் கூட இருந்தது, விரலில் உணர்வு இருந்தது. இப்போது இரண்டும் இல்லை. டவல் துணியும் வரித்துணியும் மரத்த விரலுக்கு ஒன்றுதான். எது எங்கே என்று அக்காவின் கைக்குத் தெரிந்ததெல்லாம் பழைய இடம். ராத்திரி மாத்திரையை அந்த மூலைக்கே மாற்றலாம் என்றால், சாவிக்கு அளந்து தைத்த பைக்குள் மாத்திரை அட்டை இறங்கவில்லை.

தங்கை வெட்டிய இரண்டு பாதிகளையும் சேர்த்துத் தைத்துப் பார்த்தாள். தையல் ராத்திரி மாத்திரைப் பையின் குறுக்கே ஓடி அதன் வாயை அடைத்துவிட்டது. பழைய காகித மாதிரியை வைத்து அச்சு அசலாக இன்னொன்று தைத்தாள். புதுத் துணி விறைத்துக்கொண்டு நின்றது; கை பழகியதோ தொய்ந்து சாய்ந்த தடுப்புக்கு. அக்கா தடவிப் பார்த்துவிட்டு, யாரையும் நோகடிக்காமல் சொன்னாள்.

"நீ நல்லாத்தான் தெச்சிருக்கே. ஆனா இது அது இல்லம்மா."

கடைசியில் இரண்டாவதையே மறுபடி பெட்டிக்குள் இறக்கினார்கள். சாயங்காலம் தோறும் தங்கை போன் செய்து மாத்திரை கிடைத்ததா என்று கேட்பாள். கிடைத்தது என்பாள் அக்கா. தங்கைக்கு நெஞ்சு லேசானது. இவ்வளவுதான், பழகிவிட்டாள்.

சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் போனாள். பெட்டி திறந்து கிடந்தது. தடுப்பின் அத்தனை அறைகளும் காலி. அக்காவின் நைட்டிப் பைகள் இரண்டும் புடைத்துத் தொங்கின. மாத்திரை, சொட்டு மருந்து, சாவி, ஊசி நூல் எல்லாம் ஒரே குவியலாக அவள் உடம்போடு. படுக்கும்போதும் கழற்றுவதில்லை. எந்த மாத்திரை எது என்று கேட்டதற்கு, பெரிசு காலை, சின்னது ராத்திரி என்றாள். இரண்டும் ஒரே அளவு. அளவுக்காரிக்குத் தெரியாதா?

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள், சத்தம் வராமல். அக்காவுக்குக் காது நன்றாகவே கேட்கும். அவளும் ஒன்றும் கேட்காதது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இதை எழுதிவிட்டு நான் ஊர் சுற்றப் போய்விட்டேன். திரும்பி வந்தபோதும் இரண்டு பேரும் அப்படியேதான் இருந்தார்கள்.

6

வீட்டு உரிமையாளர் கெட்டவர் இல்லை. (கெட்டவராக்கிப் பார்த்தேன். கதை எளிதாயிற்று, பொய்யாகவும் ஆயிற்று.) கண் தெரியாத பெண் தனியாக அடுப்பு மூட்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது என்றார். நலத்துறையிலிருந்து ஆள் வந்து பார்த்து, தனியாக இருக்கலாம் என்று சொன்னால் இருக்கட்டும். இல்லையென்றால் முதியோர் இல்லம்.

இல்லத்தை அக்கா ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். சுத்தம், அன்பான ஆட்கள், வேளைக்குச் சாப்பாடு. வந்ததும் தங்கையிடம் சொன்னாள்.

"அங்க எல்லாத்தையும் கையில எடுத்துக் குடுத்துடறாங்க. அப்புறம் கை எதுக்கு?"

நலத்துறைப் பெண் வந்த அன்று தங்கை காலையிலேயே போய் நைட்டிப் பைகளைக் காலி செய்து, எல்லாவற்றையும் தடுப்பில் அதனதன் இடத்தில் வைத்தாள். வந்தவள் சின்ன வயது, அக்காவைப் பாட்டி என்று கூப்பிடாமல் மேடம் என்று கூப்பிட்டாள். அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னாள், அக்கா பற்றவைத்தாள். கதவைப் பூட்டித் திறக்கச் சொன்னாள், செய்தாள். கடைசியாக, ராத்திரி மாத்திரையை எடுத்துத் தாருங்கள் என்றாள்.

அக்கா பெட்டியைத் திறந்தாள். மேசை வழுக்கும் என்று தங்கை பெட்டியைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டாள். அக்காவின் கை உள்ளே போனது.

7

இங்கே மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்றில், கை நேரே ராத்திரி மாத்திரைக்குப் போகிறது. வீட்டில் வாசித்துக் காட்டினேன், எல்லோருக்கும் பிடித்தது. கிழித்துப்போட்டேன். அது அதிர்ஷ்டம். அடுத்த ராத்திரியும் மாத்திரை உண்டு.

இன்னொன்றில், கை சாவியோடு வருகிறது. அக்கா இல்லத்துக்குப் போகிறாள், நாற்காலி வரிசையில் உட்காருகிறாள், கைகள் மடியில். அதற்கு மேல் ஒரு வரி எழுதினேன், "அந்தக் கைகள்" என்று. முடிக்க முடியவில்லை.

மூன்றாவதுதான் நடந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது. அது மூன்றிலும் மோசம்.

அக்காவின் கை பின்பக்க இடது மூலையை நோக்கிப் போனது. தங்கை பெட்டியின் முன்பக்கத்தில், வெளியே, நகத்தால் இரண்டு முறை தட்டினாள். மெதுவாக, பிடி மாற்றுகிற மாதிரி. கை ஒரு நொடி நின்றது. திரும்பி முன்னால் வந்தது. ராத்திரி மாத்திரையை எடுத்து நீட்டியது.

நலத்துறைப் பெண் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டியது அவள் காதில் விழவில்லை. அவளுக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. இந்தத் தடுப்பு எங்கே கிடைக்கும், எத்தனையோ பேருக்கு உதவுமே என்றாள். தங்கச்சி தைத்தது என்று அக்கா சொன்னாள். தனியாக இருக்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தவள் படியிறங்கிப் போனாள். அக்கா ஜெயித்துவிட்டாள். இனி யாரும் வந்து பார்க்கமாட்டார்கள்.

தங்கைக்கு வேலைக்கு நேரமாயிற்று. செருப்பை மாட்டிக்கொண்டாள். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ தட்டினது கேட்டுச்சு" என்றாள்.

தங்கை குனிந்து செருப்பு வாரை இழுத்துவிட்டாள்.

"நாளைக்கும் வந்து தட்டுவியா?"

குத்தலாகக் கேட்கவில்லை. கடைக்குப் போகிறவளிடம் பால் வாங்கி வருவாயா என்று கேட்கிற குரல். அதனால்தான் என்னால் தாங்க முடியவில்லை. தங்கைக்காக எத்தனையோ பதில் எழுதிப் பார்த்தேன். ஆமாம் என்றால் பொய், இல்லை என்றால் கொலை. இனி இதை நான் தொடமாட்டேன். தொட்டுத் தொட்டுத்தான் இவ்வளவும் கெட்டது.

பதிலை நீங்கள் சொல்லுங்கள். எதுவானாலும் சரி, ஆனால் வாயைத் திறந்து சொல்லுங்கள். கதவருகே அவள் காத்துக்கொண்டு நிற்கிறாள். தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விடாதீர்கள், அவளுக்குத் தெரியாது.