வெள்ளைப் பெட்டியில் வந்த கண்ணாடி

மகிதா ஹிசாயே பட்டுத்துணியை அவிழ்த்து விமானிகள் கண்ணுக்கு மாட்டுகிற அந்த நாடா வைத்த கண்ணாடியை என் மேசைமேல் வைத்தாள். பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாதவன் மாதிரி விளக்கைப் போட்டு, பூதக்கண்ணாடியைத் தேடினேன். ஹமாமாத்சு ஊரில் பழைய ராணுவச் சாமான்களுக்கு வயது சொல்லியே முப்பது வருடம் பிழைத்தவன் நான். அன்றைக்கு மட்டும் இந்தப் பிழைப்பே வேண்டாம் என்றிருந்தது.

"எந்த வருஷத்துது, எதுக்குள்ளதுன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க சார். ஞாயித்துக்கிழமை அம்மா போயி நாப்பத்தொம்பதாம் நாள், எரிச்ச எலும்பைக் கல்லறையில வைக்கிறோம். அப்பாவோடதுன்னு இது ஒண்ணுதான் இருக்கு. கூடவே வச்சிடலாம்னு..."

அப்பா விமானி. போர் முடிகிற நாற்பத்தைந்தில் ஒகினாவாப் பக்கம் பறந்தவர் திரும்பவில்லை. வெள்ளைத் துணி சுற்றிய பெட்டிதான் வீட்டுக்கு வந்தது. அப்படி வந்த எத்தனையோ பெட்டிகளில் எலும்பு ஏது, பெயர் எழுதிய காகிதம்தான்.

"ஸ்கூல்ல 'உங்கப்பன் காகிதம்'னு கேலி பண்ணுவாங்க. எனக்குப் பத்து வயசாகும்போது அம்மா பெட்டியைத் தொறந்து இதக் காட்டினாங்க. அப்புறம் ஒருத்தன் வாயத் தொறக்கலையே!" என்றாள் பெருமையாக. எழுபது வயதிலும் அந்தப் பெருமை குறையவில்லை.

முகத்தில் படிகிற மெத்தை வினைல், போருக்கப்புறம் புழக்கத்துக்கு வந்த பிளாஸ்டிக். போர்க்கால விமானிக்கு வெல்வெட்டும் தோலும் வைத்துத் தைப்பார்கள். பொய்யாக ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் என் பாழாய்ப்போன வாய் சும்மா இருந்தால்தானே. வீட்டில் டிவியோடு மட்டும் பேசுகிறவனுக்கு மனுஷரிடம் எதை மறைப்பது என்று மறந்துவிடுகிறது.

"இது ஐம்பத்தொண்ணு, ஐம்பத்திரண்டுல செஞ்சது, மகிதாம்மா. மோட்டார் சைக்கிள் ஓட்டுறவங்களுக்குள்ளது. உங்கப்பா இதக் கண்ணால பாத்திருக்க மாட்டார்."

அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. பட்டுத்துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கே இது பழசா இருந்துச்சே சார். நாடா நைஞ்சு, கறை புடிச்சு..."

நாடாவைத் திருப்பிப் பார்த்தேன். கொக்கியை ஒட்ட இழுத்து மாட்டியிருந்தது. ஆண் தலைக்குப் பற்றாது. பின்பக்கம் முழுக்க எண்ணெய்க் கறை.

"இது பொம்பளைங்க கொண்டைக்குத் தடவுற சுபாகி எண்ணெய். புதுசா வாங்கி, பழசாக்கணும்னே உங்கம்மா மாசக்கணக்கா மாட்டியிருக்காங்க."

நாடாவின் கறையை விரலால் தடவினாள். "நான் ஸ்கூலுக்குப் போனப்புறமா இருக்கும். இத மாட்டிக்கிட்டேதான் துணி துவைச்சிருப்பாங்க." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "ஒரு வார்த்த சொல்லல சார், அறுபது வருஷமா."

நான் பேனாவைத் திறந்தேன்.

"சீட்டு வேண்டாம். கல்லறையிலயும் வைக்கல. இதுவும் அம்மாதானே, அம்மாவ ஒருதடவ வச்சாப் போதும்."

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். கொக்கியைத் தொடவே இல்லை. நாடா அப்படியே பொருந்தியது. என்னைப் பார்த்தபடி நேராக உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியின் உட்பக்கம் கீழிருந்து மெல்ல மெல்ல ஆவி படிந்துகொண்டே வந்தது.