வெள்ளைக் கோட்டின் இடது கை

ஆஸ்பத்திரித் தையல் அறையில் ஆறு வருடமாகத் தற்காலிகமாக ஓட்டிக்கொண்டிருந்த அக்காவுக்கு அன்று காலை நேர்காணல். தேறினால் வேலை நிரந்தரம். தவறினால் இந்த மாதக் கடைசியோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கேள்வியெல்லாம் இங்கிலீஷில். அதிலும் ஒன்று நிச்சயம் வருமாம்: உன் வேலையில் எதை நினைத்துப் பெருமைப்படுகிறாய்?

அதற்கு எந்த வார்த்தையைச் சொல்வது என்றுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. டைப்பிஸ்ட் வேலை பார்க்கும் தங்கை, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து கடைசி நேரப் பாடம் நடத்தினாள்.

"ப்ளீஸ்ட்னா சின்ன சந்தோஷம்க்கா, பல்லு தெரியாம சிரிக்கிற மாதிரி. ஆனர்ட்னா அடுத்தவங்க நமக்குக் கொடுத்த மரியாதை. ப்ரவுட்னா நாமளே நெஞ்ச நிமித்திச் சொல்றது."

"திமிர் பிடிச்சவன்னு நெனச்சுட்டா?"

"அதுக்கு வேற வார்த்தை. அரகண்ட். அதை மட்டும் சொல்லித் தொலைக்காத தாயே!"

"போச்சு போ. இப்ப அதுதான்டி நாக்கு நுனியில வந்து நிக்குது."

கூட வந்திருந்த அத்தான் சிரித்தார். "குழம்பு நல்லாருக்குன்னு நான் சொன்னாலே, உப்பு கம்மிம்பா உங்கக்கா. இவளாவது பெருமை பேசுறதாவது!"

ஆனர்ட்தான் ஆபத்தில்லாதது என்று முடிவு கட்டிக்கொண்டு உள்ளே போனாள் அக்கா. வெள்ளைக் கோட்டுடன் பெரிய டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார். அந்தக் கேள்வியும் வந்தது.

"ஐ ஆம் ஆனர்ட்" என்றாள்.

"உன்னை கௌரவித்தது யார்?" என்று இங்கிலீஷில் திருப்பிக் கேட்டார் டாக்டரம்மா.

ஆறு வருடத்தில் அவள் பெயரைக்கூட யாரும் கேட்டதில்லை. தலை கவிழ்ந்தது. கவிழ்ந்த பார்வை டாக்டரம்மாவின் இடது கைமேல் விழுந்தது. போன மாதம் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கிழிந்து வந்த கோட்டு அது. உள்மடிப்பிலிருந்தே நூல் உருவி, இரண்டு நாள் இழை இழையாகக் கோத்தவள் இவள்தான்.

"யுவர் கோட்... டோர்ன்..." மிச்சத்துக்கு வார்த்தை இல்லை. விரலால் ஊசி ஓட்டிக் காட்டினாள்.

டாக்டரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிழிந்த இடம் தெரியவில்லை. தெரியாமல் தைப்பதுதானே அவள் வேலை! காட்டினால் பீற்றிக்கொள்வது போலாகும். காட்டாவிட்டால் யார் நம்புவார்கள்? மேசையைச் சுற்றிப் போய், கோட்டுக் கையின் நுனியை மெல்ல மடித்துக் காட்டினாள். உட்பக்கம், கடுகளவில் ஒரு முடிச்சு.

"புதுக் கோட்டு மாத்திக் கொடுத்துட்டாங்கன்னுல்ல நெனச்சேன்!" டாக்டரம்மாவுக்கு இங்கிலீஷ் மறந்து தமிழ் வந்துவிட்டது.

"ஐ ஆம் ப்ரவுட்" என்றாள் அக்கா. நெஞ்சு நிமிரவில்லை, குனிந்து மடிப்பைத்தான் நீவி நேராக்கினாள்.

வெளியே வந்தவளைத் தங்கை பிடித்துக்கொண்டாள். "எதைச் சொன்ன?"

"ப்ரவுட்டுன்னுட்டேன்டி. கோட்டை வேற தொட்டுட்டேன். திமிருன்னு எழுதியிருப்பாங்க."

கதவு திறந்தது. பியூன் இன்னொரு வெள்ளைக் கோட்டை நீட்டினார். பை கிழிந்து தொங்கியது.

"அம்மா கொடுக்கச் சொன்னாங்க. அவசரமில்லையாம், அடுத்த மாசம் தந்தாப் போதுமாம்."

"அடுத்த மாசமா?" என்று கேட்டாள் அக்கா. இந்த மாதத்துக்கு அப்புறமும் வேலை உண்டு என்பது அவளுக்கு இன்னும் உறைக்கவில்லை. விரல் மட்டும் அதற்குள் உள்மடிப்பில் நூலைத் தேடிப் போய்விட்டது.