பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம்

லெமுவேல் ஹாஸ்கெட்டுக்குக் கடிகாரம் என்றால் சம்பளத்துக்கு வைத்த ஆள் மாதிரிதான். சொன்னால் கேட்கும். மில்பர்ன் ஊரில் வங்கி நடத்தியபோது, ஒருநாள் ஏதோ வதந்தி கிளம்பி ஜனம் போட்ட பணத்தைக் கேட்டுத் தெருக்கோடி வரை நின்றது. மனுஷன் அசரவில்லை. இரண்டு மணி காட்டிய சுவர்க் கடிகாரத்தின் முள்ளை, வங்கி மூடும் நேரமான மூன்றுக்குத் தள்ளினார், "நேரம் ஆச்சு" என்று கதவைப் பூட்டினார். மறுநாள் காலை நகரத்திலிருந்து பணப்பெட்டி வந்தது, வங்கி பிழைத்தது. அன்றைக்கு வெளியே நின்று திட்டியவர்களே அவருக்கு ஓட்டுப் போட்டு மாநில செனட்டுக்கு அனுப்பினார்கள். சாமர்த்தியசாலிக்குத்தானே ஊர் மாலை போடும்!

பதினோரு வருஷத்தில் அவைத் தலைவர் நாற்காலி வரை வந்துவிட்டார். இன்று கூட்டத்தொடரின் கடைசி நாள். பகல் பன்னிரண்டு அடித்தால் அவை கலைந்துவிடும், அரசியல் சட்டம் அப்படி. வங்கி முழுகினாலும் போட்டவன் பணம் முழுகாமல் காக்கும் அவருடைய மசோதா இன்னும் ஓட்டுக்கு வரவில்லை. எதிர்க்கட்சி கிராண்டல் நேரத்தை ஓட்டிவிட வேண்டுமென்றே பேசிக்கொண்டே இருந்தார்.

பதினொன்று நாற்பதுக்கு மகள் வின்னியின் தந்தி வந்தது. அம்மாவுக்கு மூச்சுத் திணறுகிறது, உங்களையே கேட்கிறாள், பன்னிரண்டே கால் ரயிலைப் பிடியுங்கள்.

வாயிற்காவலர் பிளங்கெட் குனிந்து கேட்டார். "ஐயா, வண்டி கட்டச் சொல்லட்டுமா?"

ஹாஸ்கெட் தந்தியை மடித்தார். இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவள் அடெலா. ஆனாலும் மசோதா ஜெயித்தால் அடுத்த தேர்தலில் ஆளுநர் பதவியே கைக்கு வரும், ஆசை யாரை விட்டது? "கடிகாரத்தை நிறுத்துய்யா. ஓட்டு முடியட்டும், கிளம்பிடறேன்."

கடைசி நாளில் கடிகாரத்தை நிறுத்துவது அங்கே வழக்கம்தான். நின்ற கடிகாரம் காட்டுவதுதான் சட்டப்படி நேரம். பிளங்கெட் ஏணியில் ஏறி ஊசலைப் பிடித்தார். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம்.

"செத்தாலும் பேசுவேன்!" என்றார் கிராண்டல்.

"பேசும் பேசும். உம்ம பெண்டாட்டி வீட்டுல பேச விட்டாத்தானே!" என்று யாரோ கத்த, அவை சிரித்தது.

கிராண்டல் தொண்டை கட்டும்வரை பேசினார். மூன்று மணி நேரமாவது இருக்கும். ஆனால் கம்பளத்தில் விழுந்த வெயில் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஜன்னல் வழியே ரயில் நிலையம் தெரிந்தது. புறப்பட நின்ற ரயிலின் புகைபோக்கிக்கு மேலே புகை கலையாமல் அப்படியே நின்றது. ஹாஸ்கெட் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

இரண்டாவது தந்தி வந்தது. அனுப்பிய நேரம் பதினொன்று ஐம்பது. 'அம்மா மூச்சை இழுத்தாள், இன்னும் வெளியே விடவில்லை. இதுதான் கடைசி மூச்சு என்கிறார் டாக்டர். வீட்டுக் கடிகாரம் நின்றுவிட்டது.'

ஓட்டெடுப்பு நடந்தது. ஒரே ஓட்டு வித்தியாசத்தில் மசோதா ஜெயித்தது.

"முடிஞ்சுதே, கடிகாரத்தை விடுங்கய்யா! பசி குடலைப் பிடுங்குது!" என்றார் கிராண்டல்.

"உக்காருங்க," என்றார் ஹாஸ்கெட். கடிகாரம் ஓடினால் அவள் போய்விடுவாள். ஓடாவிட்டால் ரயிலும் நகராது, அவரும் போய்ச் சேர முடியாது. இருந்தும் அவள் இருக்கிறாளே, அது போதாதா? பழைய அறிக்கைகளை எடுத்து வாசிக்கச் சொன்னார். ஒன்று முடிந்ததும் இன்னொன்று. செனட்டர்கள் சாம்பல் பூத்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலைப் பார்க்க ஒருவருக்கும் தைரியம் இல்லை.

பிளங்கெட் மூன்றாவது தந்தியை நீட்டினார். அதிலும் பதினொன்று ஐம்பது.

'அம்மா கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது. நெஞ்சு விம்மியபடியே நிற்கிறது. விட முடியாமல் தவிக்கிறாள். என்ன செய்கிறீர்கள் அப்பா? உங்களுக்கு இரக்கமே இல்லையா?'

அடப்பாவி, என்ன காரியம் செய்தேன் என்று ஹாஸ்கெட் வாய்விட்டே அழுதார்.

"நான் ஏறட்டுமா ஐயா?" என்றார் பிளங்கெட்.

"வேண்டாம். இது என் வேலை."

ஏணியில் அவரே ஏறினார். ஊசலின் பித்தளை கையில் ஐஸாகச் சுட்டது. "அடெலா," என்று ஒரு தடவை கூப்பிட்டு, விரலால் தள்ளிவிட்டார்.

டிக் என்றது. கம்பளத்து வெயில் அசைந்தது. நிலையத்தில் புகை கலைந்தது. கீழே முப்பது பேரும் மேஜையைத் தட்டிக் கூச்சலிட்டார்கள். "அடுத்த ஆளுநர் ஹாஸ்கெட்!"

பிளங்கெட் தொப்பியையும் கோட்டையும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். "ஐயா, இன்னும் நேரம் இருக்கு! ஓடினா ரயிலைப் பிடிச்சிடலாம்!"

ஹாஸ்கெட் ஒவ்வொரு படியாக இறங்கினார். கோட்டை வாங்கி நிதானமாகப் பொத்தான் போட்டார்.

"எதுக்குய்யா ஓடணும்? நடந்தே போகலாம்."