நாலு குமிழ்

சூசைமாணிக்கம் மூன்று நாளாகக் கம்ப்யூட்டரில் தேடிக்கொண்டிருந்த சத்தம் அதற்குள் இல்லை என்பது அவர் மனைவி சகாயராணிக்கு முதல் நாளே தெரியும். சொல்லவில்லை. அவராக நினைவுக்குக் கொண்டுவருவார் என்று காத்திருந்தாள். புருஷனிடம் இப்படியெல்லாம் எதிர்பார்ப்பது மடத்தனம் என்று பதினாலு வருஷக் குடித்தனம் சொல்லிக் கொடுத்திருந்தும் காத்திருந்தாள்.

விஷயம் இதுதான். 1996-இல் சூசைமாணிக்கம் திண்டுக்கல்லில் ஒரு தவக்காலப் பாட்டுக் கேசட் போட்டார். ஏழு பாட்டு. பாட்டுகளைவிட, அவற்றின் அடியில் விரிந்து கிடந்த நீளமான கீபோர்டு சத்தம்தான் பேர் வாங்கியது. வாசிக்கிறவர்கள் அதைப் 'பேட்' என்பார்கள். பாட்டுக்கு அடியில் ஜமக்காளம் விரித்த மாதிரி கிடக்கும். பதினொரு வருஷம் கழித்தும் கோயிலில் பார்க்கிறவர்கள் அதைப் பற்றித்தான் கேட்டார்கள். நாகல்நகரில் புதிதாக ஸ்டுடியோ திறந்திருந்த பிராங்கிளினும் அதையே கேட்டான். வரப்போகும் தவக்காலத்துக்கு சிடி போடுகிறான். அதே சத்தம் கிடைத்தால் பத்துப் பாட்டுக்கும் இசை சூசைமாணிக்கம்தான், அட்டையின் முன்பக்கத்தில் பெயர்.

பழைய கீபோர்டு மழைத்தண்ணீர் இறங்கி என்றைக்கோ செத்துப்போயிருந்தது. அதனால் கம்ப்யூட்டரில் ஓடும் கீபோர்டு சாஃப்ட்வேர்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். முதலாவதில் ஆயிரம் சத்தம் என்றார்கள். ஒன்றைத் திறப்பதற்குள் கம்ப்யூட்டர் அசையாமல் நின்றுவிட்டது. இரண்டாவதில் திரை முழுக்கக் குமிழ்கள். எதைத் திருப்பினாலும் பேய்ப்படத்துக்கு ஆகிற சத்தமே வந்தது. மூன்றாவது எளியது, இலவசம், நாலே குமிழ். சத்தம் மெல்ல எழும்ப ஒன்று, மெல்ல அடங்க ஒன்று, கூர்மையை மழுக்க ஒன்று, ஒரே சுரத்தை இரண்டாக்கி மயிரிழை விலக்கிவைக்க ஒன்று. இதுதான் சரி என்று பிடித்துக்கொண்டார். மனுஷனுக்குக் காது உண்டு, அதில் குறை சொல்ல முடியாது. முக்கால்வாசி வந்துவிட்டது. மீதிக் கால்வாசிக்குத்தான் கேசட்டை ஓட்டுவதும் குமிழைத் திருப்புவதும் தலையைச் சொறிவதுமாக இருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம், கேசட் நாற்பதாவது தடவையாக ஓடியபோது, ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்த சகாயராணி அடுக்களையில் இருந்தபடியே அதோடு சேர்ந்து 'ஆ' என்று இழுத்தாள். அவர் கேசட்டை நிறுத்தினார். இவள் நிறுத்தவில்லை. மூச்சு முடிகிற வரை இழுத்துவிட்டு வந்தாள்.

"பொட்டிக்குள்ள தேடுனா எப்படிக் கெடைக்கும்? அது நான்," என்றாள்.

பழைய கீபோர்டில் சுரம் மாறும்போதெல்லாம் சத்தம் நடுவில் அறுந்துபோகும். அதை மறைக்க, அன்று கேசட் பதிவின்போது அவளைக் குரல் கொடுக்க வைத்தார். மெத்தையால் சுவரை மூடிய அறை. ஃபேன் சத்தம் பதிவாகும் என்று அதையும் நிறுத்தியாயிற்று. மைக்கிலிருந்து நாலடி தள்ளி ஒரு மத்தியானம் முழுக்க நின்றாள். அப்போது மகள் அனிஷா வயிற்றில் ஏழு மாசம். கேசட் அட்டையில் தபேலா வாசித்தவர் பெயர், படம் வரைந்தவர் பெயர், டீ வாங்கித் தந்தவர் பெயர்கூட வந்தது. அவளுக்குக் கடைசி வரி: 'ஒத்துழைப்பு: குடும்பத்தார்'. வீட்டுப் பொம்பளை பெயரைப் போட்டால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று அப்போது கேட்டார். என்ன பேசியிருப்பார்கள்? நன்றாகப் பாடியிருக்கிறாள் என்று பேசியிருப்பார்கள்.

அவர் கேசட்டை வெளியே எடுத்துப் பார்த்தார். "ஆமால்ல," என்றார்.

மறைத்தார் என்றால்கூட அவள் தாங்கியிருப்பாள். மனுஷன் நிஜமாகவே மறந்திருந்தார். ஊர் பாராட்டப் பாராட்ட அது கீபோர்டின் சத்தம்தான் என்று தானே நம்பிவிட்டார். அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

பாடுகிறேன், ஆனால் என் பெயர் வர வேண்டும், அதை முதலிலேயே பிராங்கிளினிடம் சொல்லிவிட வேண்டும் என்றாள். அந்தோணியார் படத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தார். பாடினாள். செம்பட்டிப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. பிள்ளைகளை அதட்டி அதட்டிக் கரகரத்த தொண்டைதான். ஆனாலும் அந்தக் குரல் நாலு குமிழ்ச் சத்தத்துக்கு அடியில் போய் உட்கார்ந்ததும் பழைய கேசட் அப்படியே வந்துவிட்டது. அவளுக்கே கண் கலங்கியது.

ஞாயிறு பூசை முடிந்து பிராங்கிளின் வந்தான். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தடவை கேட்டான். சகாயராணி டீ டம்ளரோடு பக்கத்திலேயே நின்றாள்.

"அதே சத்தம்ண்ணே. என்ன சாஃப்ட்வேர் இது?"

சூசைமாணிக்கம் அவளை ஒருதரம் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். "இலவசமாக் கெடைக்கிறதுதான் தம்பி. நாலே குமிழு. எல்லாம் திருப்புற பக்குவத்துல இருக்கு."

அவள் டம்ளரை மேசையில் வைத்தாள்.

பிராங்கிளினுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இம்புட்டுச் சுலபம் என்றால் அண்ணனை எதற்கு நாகல்நகருக்கு அலைய வைக்க வேண்டும் என்றான். அந்தச் சாஃப்ட்வேரை ஒரு சிடியில் போட்டுக் கொடுத்தால் போதும். ஸ்டுடியோவிலேயே வாசிக்க ஆள் இருக்கிறது. அட்டையின் பின்பக்கத்தில் 'ஒலி உதவி' என்று அண்ணன் பெயரையும் மறக்காமல் போட்டுவிடலாம். மறுத்துச் சொல்ல சூசைமாணிக்கத்திடம் ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அது எதிரிலேயே நின்றுகொண்டிருந்தது. அவர் சிடியைப் போட்டுக் கொடுத்தார்.

வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டியதும் அவள்மேல் பாய்ந்தார். "நீயாவது வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"நான் என்னத்தச் சொல்ல? நான் குடும்பத்தாருதான."

நாலாம் நாள் சாயங்காலம் பிராங்கிளின் போன் பண்ணினான். எல்லாம் அண்ணன் வைத்தபடியேதான் இருக்கிறது, ஆனாலும் ஏதோ ஒன்று குறைகிறது என்றான். சூசைமாணிக்கம் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வைதான். இப்போதும் ஒரே வாக்கியம் போதும், பத்துப் பாட்டும் திரும்பி வந்துவிடும். அதை அவர் சொல்ல மாட்டார் என்று அவளுக்கு இப்போது தெளிவாகத் தெரிந்தது.

"குமிழ இன்னுங் கொஞ்சம் திருப்பச் சொல்லுங்க," என்றாள்.

அவர் கையை எடுத்துவிட்டு அதை அப்படியே சொன்னார்.