ரம்பம் நின்ற அரைமணி

மரவாடியில் அவரை எல்லோரும் ‘ரம்பம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பேசிப் பேசி ஆளைக் கொல்கிறவர் என்று யாராவது தப்பாக நினைத்துக்கொண்டால் அதற்கு அவர் பொறுப்பில்லை. ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். இருபத்திரண்டு வருஷமாகப் பெரிய ரம்ப மெஷினை ஓட்டுகிறவர் என்பதால் வந்த பெயர் அது. அந்த வருஷங்களில் மெஷின் மரத்தை மட்டும் அறுக்கவில்லை, அவருடைய காதையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. வலது காது சுத்தமாகப் போய்விட்டது. இடது காதில், பக்கத்தில் வந்து கத்தினால் பாதி விழும்.

அவருக்கு ஒரே மகள். பள்ளிப் படிப்பை நல்ல மதிப்பெண்ணோடு முடித்துவிட்டு ஒரு வருஷமாக அதே மரவாடியில் பலகைகளை அளந்து அடுக்கிக்கொண்டிருந்தாள். மேலே படிக்கக் கூடாது என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. எங்கே போய் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. தெரியாததைக் கேட்கக் கூச்சம். கூச்சத்திலேயே ஒரு வருஷம் ஓடிப்போயிற்று.

அப்போதுதான் பாரம் அக்கா வந்தாள். கல்லூரி விண்ணப்பப் பாரங்களை நிரப்ப உதவும் ஒரு அமைப்பில் அவளுக்கு வேலை, அதனால் வந்த பெயர். வயது இருபத்தைந்துகூட இருக்காது. வியாழக்கிழமை தோறும் ஸ்கூட்டரில் வந்து பள்ளிக்கூட வாசலில் ஒரு மேஜையைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். படிப்பை விட்டவர்களின் பட்டியலை வாங்கிக்கொண்டு, வராதவர்களைத் தேடி வீட்டுக்கே போவாள். மரவாடிக்கும் அப்படித்தான் வந்தாள்.

“இவ்வளவு மார்க் வாங்கிட்டு ஏன் இங்க நிக்கிற?” என்று கேட்டாள்.

“வேற எங்க நிக்கறது, அக்கா?” என்றாள் மகள்.

பாரம் அக்கா பையிலிருந்து பேனாவை எடுத்தாள். ஆறு வாரத்தில் ஏழு விண்ணப்பங்கள் போயின. அதில் ஒன்றிலிருந்துதான் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். காது கேட்கும் திறனைச் சோதித்துச் சிகிச்சை தருகிற படிப்பு. விடுதியும் சேர்த்து முழு உதவித்தொகை. ஊரில் அதற்கு ‘காதுப் படிப்பு’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

தேர்வு போன் வழியாக, திரையில் முகம் பார்த்துப் பேசுகிற மாதிரி, மாலை நாலு மணிக்கு என்று இருந்தது. மதிய பஸ்ஸில் டவுனுக்கு வந்துவிட்டால் தன் அலுவலகத்திலேயே உட்கார்ந்து பேசலாம் என்று பாரம் அக்கா ஏற்பாடு செய்திருந்தாள். அன்று காலை எட்டரைக்கு அவளே போனில் பதறினாள். நேரத்தைப் பத்தரைக்கு மாற்றிவிட்டார்களாம். காலை பஸ் ஆறு மணிக்கே போயாயிற்று. அந்த ஊரில் போன் ஒழுங்காகப் பிடிக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். மரவாடியின் பின்பக்கம் அடுக்கியிருக்கும் மரத்தடிகளின் உச்சி. அதன் மேல் ஏறி நின்றால் ரெண்டு கோடு வரும். ஆனால் ரம்பம் ஓடும்போது அங்கே நின்று பேசுவது, இடி இடிக்கும்போது ரகசியம் சொல்வது மாதிரி.

மகள் அப்பாவின் இடது காதருகே வந்து விஷயத்தைக் கத்தினாள். அவர் கையுறையைக் கழற்றினார். நேராக முதலாளியின் அறைக்குப் போனார்.

முதலாளி சொந்தத் தகப்பன் செத்த அன்றைக்கே அரை நாள்தான் ரம்பத்தை நிறுத்தியவர். அன்று ஒரு கட்டடத்துக்கு நிலைக் கட்டைகள் போயாக வேண்டும், ஆள் மாற்றி ஆள் போன் செய்துகொண்டிருந்தார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் ரம்பம் அவரிடம் எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

“முதலாளி, மெஷினை நிறுத்தணும். பொண்ணு போன்ல பேசணும். காலேஜுக்கு.”

“எவ்வளவு நேரம்?” முதலாளி கையை விரித்துக் காட்டிக் கேட்டார்.

“தெரியல. கால் மணியோ, அரை மணியோ.”

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். இவர் முதலாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கெஞ்சவும் தெரியவில்லை, திரும்பிப் போகவும் கால் வரவில்லை.

“என் மூஞ்சியில என்னய்யா எழுதியிருக்கு? போய் நிறுத்து!” என்று முதலாளி கத்தியது இவருக்கு முழுசாகவே கேட்டது.

பத்து இருபதுக்கு ரம்பமே மெயின் சுவிட்சை இறக்கினார். பாதத்தில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் அதிர்வு நின்றது. இழைப்பு மெஷின் நின்றது. முதலாளி ஆள் அனுப்பிப் பக்கத்து வெல்டிங் பட்டறையையும் நிறுத்த வைத்தார். விஷயம் பரவி, குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தைத் தரையில் வைத்துவிட்டு வேலி ஓரமாக வந்து நின்றார்கள். மகளின் அம்மா ஈரக் கையோடு ஓடிவந்தாள். மரவாடி நாய்க்கு மட்டும் யார் சொல்லிப் புரியவைப்பது? முதலாளி அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அதன் வாயைக் கையால் பொத்தியபடி வாசல் கேட் அருகே உட்கார்ந்துவிட்டார்.

மகள் தடிகளின் உச்சியில் உட்கார்ந்து, போனை ஒரு கட்டையில் சாய்த்து வைத்தாள். பத்தரைக்குத் திரையில் மூன்று முகங்கள் வந்தன.

ரம்பத்துக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. கீழே நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் அவள் உதடு காய்ந்திருந்தது. விரலை மடக்கி மடக்கி எதையோ சொன்னாள். ஒரு தடவை சிரித்தாள். அப்பாடா என்று இவரும் மூச்சு விட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் தடி ஏற்றிய லாரி ஒன்று திருப்பத்தில் வந்தது. ஹாரன் அடித்திருக்க வேண்டும், எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். முதலாளி நாயை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடுரோட்டுக்கு ஓடினார். டிரைவர் தலையை வெளியே நீட்டித் திட்ட வாயெடுத்தார். முதலாளி உதட்டில் விரலை வைத்தார். டிரைவர் கூட்டத்தைப் பார்த்தார், வண்டியை அணைத்தார், இறங்கிவந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பக்கத்தில் இருந்தவரிடம் அவர் என்ன கேட்டார் என்பது ரம்பத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

“யாரு செத்தது?”

“யாரும் சாகல. புள்ள பரீட்சை எழுதுது.”

“கட்டை மேலயா?”

மேலே மகள் சட்டென்று பேச்சை நிறுத்தியிருந்தாள். திரையில் இருந்தவர்கள் ஏதோ கேட்டிருக்கிறார்கள். போச்சு என்று ரம்பம் நினைத்தார். அவள் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே மெதுவாகப் பேச ஆரம்பித்தாள். வேலியோரத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராக அவர் பக்கம் திரும்பினார்கள். சட்டை ஏதாவது கிழிந்திருக்கிறதா என்று அவர் குனிந்து பார்த்துக்கொண்டார். கிழியவில்லை. மனைவி ஈரம் காயாத கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பதினொன்றுக்கு மகள் இறங்கி வந்தாள். மனைவி அவளைக் கட்டிக்கொண்டாள்.

“என்ன சொன்னா? என்னையே பாத்துச் சொன்னாளே, என்ன?” என்று ரம்பம் மனைவியிடம் கேட்டார். அவள் முதலாளியைக் கை காட்டினாள். கடைசியில் முதலாளிதான் நாயை இறக்கிவிட்டு வந்து அவர் இடது காதில் வாயை வைத்தார்.

“இந்தப் படிப்பு எதுக்குன்னு கேட்டாங்களாம். எங்கப்பாவுக்கு ஒரே நாள்ல காது போகலைன்னு சொன்னா. முதல்ல குருவிச் சத்தம் போச்சாம். அப்புறம் அவ குரல் போச்சாம். காதைப் பாத்துக்கோன்னு அவருக்கு யாரும் சொல்லலையாம். இங்க இன்னும் ஏழு பேர் வேலை செய்யறாங்க, அவங்களுக்குச் சொல்ல ஒரு ஆள் வேணும், அது நானா இருக்கணும்னு…”

முதலாளி பாதியில் நிறுத்தினார். பிறகு குரலை இறக்கி ஏதோ சொன்னார். இவருக்குக் கேட்கவில்லை. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டார்.

“நானும் சொல்லலையேய்யா.”

ரம்பம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று வேலை முடிய வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் அதிகமாயிற்று. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. கட்டை ஏற்ற லாரி டிரைவரும் தோள் கொடுத்தார்.

ஒன்பதாம் நாள் இடம் கிடைத்ததாகத் தகவல் வந்தது. அடுத்த மாதம் மகளை விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள். அறைக்கு மூன்று பேர், ஜன்னலோரக் கட்டில். அவர் கட்டிலின் காலை ஆட்டிப் பார்த்து, பலகையைத் தட்டிப் பார்த்து, நல்ல மரம்தான் என்று தலையசைத்தார். மகள் சிரித்தாள்.

திரும்பும் வழியில் மனைவி அவரைக் கூட்டிக்கொண்டு டவுனில் பஸ்ஸை விட்டு இறங்கினாள்.

“அந்தப் புள்ளைக்கு ஒரு நன்றி சொல்லாம ஊருக்கு வந்தா நல்லாயிருக்காதுங்க. நீங்கதான் சொல்லணும்.”

பாரம் அக்காவின் அலுவலகம் மாடியில் ஒரு சின்ன அறை. உள்ளே ரெண்டு மேஜை, சுவர் முழுக்கக் கோப்புகள். வெளியே பெஞ்சில் ஏழெட்டுப் பையன்களும் பெண்களும் சான்றிதழ் உறைகளை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் யாருடைய விண்ணப்பத்திலோ மூழ்கியிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்தாள்.

“வாங்கய்யா! சேத்துட்டீங்களா? ரூம் எப்படி இருக்கு?”

வழியெல்லாம் மனைவி சொல்லிக்கொடுத்த நாலு வாக்கியமும் அவருக்கு மறந்துபோயிற்று. கும்பிட்ட கை அப்படியே நின்றது. என்ன சத்தத்தில் பேசுகிறோம் என்பது அவருக்குத் தெரியாது. மெஷின் ஓடும்போது பேசுகிற அதே குரல்தான் வந்தது.

“ரொம்ப நன்றிம்மா!”

அறையே திடுக்கிட்டது. பக்கத்து மேஜைக்காரர் பேனாவைக் கீழே போட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். மனைவி மெதுவாக என்று சைகை காட்டினாள்.

பாரம் அக்கா கண் கலங்கிச் சிரித்தாள். தன் பேச்சு அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று அவருக்குச் சந்தேகம். ஒரு அடி முன்னால் வந்து, இன்னும் கொஞ்சம் உரக்க, மறுபடியும் சொன்னார்.