ஷன் பக்கம்

டைப் சொல்லித்தரும் வீரபாகு மாஸ்டரின் கை எப்போதும் ஈரமாகவே இருக்கும். பொடி போட்டு மூக்கைத் துடைத்த கை. அதை வேட்டியில் ஒரு தேய் தேய்த்துவிட்டு, அப்படியே அம்சாவின் வலது கைமேல் வைத்து அழுத்துவார்.

“விரலு தப்பாப் போவுதும்மா. டி, ஐ, ஓ, என். என்னோட சேர்ந்து அடி, பாப்போம்.”

ஸ்டேஷன், நேஷன், பெட்டிஷன், டொனேஷன். ஒரு பக்கம் முழுக்க இதே வால் உள்ள இங்கிலீஷ் வார்த்தைகள். அந்த வாலில் இடது கைக்கு வேலை ஒரே எழுத்து. மற்ற மூன்றும் வலது கைக்கு. மூன்று விரல்கள் ஓடும்வரை மாஸ்டர் கையை எடுக்கமாட்டார். காலையில் வரும் பையன்களுக்கு இந்தப் பக்கம் கிடையாது. மத்தியானம் வரும் பெண்களுக்கு மட்டும்தான்.

அம்சா பல்லைக் கடித்துக்கொண்டு அடிப்பாள். வாலாஜாபாத் அரிசி மில் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை காலியாக இருந்தது. லோயர் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு வா என்றிருந்தார்கள். பரீட்சைக்குப் போக மாஸ்டர் கையெழுத்து வேண்டும். அதை இன்றைக்கு, நாளைக்கு என்று அவர் இழுத்துக்கொண்டே இருந்தார். வீட்டில் சொன்னால் அண்ணன் முனுசாமி ஓடிவந்து மாஸ்டரை அடிப்பான். அடித்துவிட்டு, “நீ படிச்சது போதும்” என்று தங்கையை வீட்டில் உட்காரவைப்பான். அடிப்பானோ மாட்டானோ, உட்காரவைப்பது நிச்சயம்.

ஒருநாள் பஸ் ஸ்டாண்டில், தாமல் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த வடிவைப் பார்த்தாள். இருவரும் ஒன்றாக டைப் கற்கச் சேர்ந்தவர்கள்.

“இன்னாடி, சொல்லாம கொள்ளாம நின்னுட்ட?”

வடிவு அவளை மேலும் கீழும் பார்த்தாள். “உனக்கும் ஷன் பக்கம் குடுத்துட்டானா?”

அம்சா வலது கையைத் தாவணிக்குள் இழுத்துக்கொண்டாள்.

“எனக்கும் அதே பக்கம்தான், எப்பப் பாரு. சோறு துன்னக் கையை எடுத்தா அவன் மூக்குப்பொடி நெனப்பு வருது. வாந்திடி. அதான் நின்னுட்டேன். நீயாவது பாஸ் பண்ணித் தொலை.”

அன்று வீட்டுக்குப் போனபோது முனுசாமி கொல்லையில் உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். சாயப்பட்டறையில் வேலை, நகக்கண் வரை அரக்குச் சிவப்பு. தேய்த்துப் போகிற நிறமா அது? பக்கத்தில் அரக்குச் சாயப்பொடிப் பொட்டலம் பிரிந்து கிடந்தது. காய்ந்திருக்கும்வரை செங்கல் தூள்போல மங்கல். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலோ, பட்ட இடமெல்லாம் ரத்தம்.

அம்சா பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் வலது புறங்கையில் அந்தப் பொடியைப் பூசி, தெரியாதபடி தட்டிவிட்டுக்கொண்டு போனாள். விரல் நுனிகள் சுத்தம். மாஸ்டர் வந்தார், கையை வைத்தார். அம்சா வேண்டுமென்றே தப்பாக அடித்தாள். திரும்பவும் தப்பாக அடித்தாள். மாஸ்டருக்கு ஒரே குஷி.

“இன்னிக்கு இன்னாம்மா இவ்ளோ தப்பு? அடி, அடி.”

நன்றாக வியர்த்தபின் கையை எடுத்து, ஒரு சிட்டிகை பொடியை உறிஞ்சி, மூக்கை வழித்தார். நெற்றியைத் துடைத்தார். கழுத்தைச் சொறிந்தார்.

பக்கத்து மெஷின் நின்றது. அடுத்ததும் நின்றது. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இன்னா சிரிப்பு அங்க?”

அந்த நேரம் பார்த்து, பின்கட்டிலிருந்து மாஸ்டரின் மனைவி பொன்னியம்மாள் காபி டம்ளருடன் வந்தாள்.

“அய்ய, இன்னாங்க மூஞ்சி இது? கோயில் யானையாட்டம் பூசிக்கினு?”

மாஸ்டர் உள்ளங்கையைப் பார்த்தார். முகம் தொங்கிப்போயிற்று. “ரிப்பன் மை…”

“ரிப்பன் மை கறுப்பு. இது அரக்கு.” காஞ்சிபுரத்துக்காரிக்கு நிறம் சொல்லித்தர வேண்டுமா? அவள் கண் ஒவ்வொரு பெண்ணின் கையாகப் போய், அம்சாவின் புறங்கையில் நின்றது. அங்கே நான்கு ஆம்பளை விரல்கள் பளீரென்று சிவப்பாகப் பதிந்திருந்தன.

“அது சாயக்காரன் தங்கச்சி. அவ கை எப்பவுமே அப்பிடித்தான்” என்றார் மாஸ்டர்.

“யோவ், அவ கை அவகிட்ட இருந்திச்சி. உன் மூக்குக்கு எப்பிடி வந்திச்சி?”

பொன்னியம்மாள் டம்ளரை அவருக்கு நீட்டாமல் ஜன்னலில் வைத்தாள்.

“உனக்கு இன்னா வேணும், சொல்லுமா.”

“பரீட்சைக்குக் கையெழுத்து” என்றாள் அம்சா.

“போடுய்யா.”

மாஸ்டர் போட்டார். காகிதத்தின் ஓரத்திலும் அரக்கு ஒட்டியது.

அன்று இரவு சோப்பு, சீயக்காய், சாம்பல் எதற்கும் அந்த நான்கு விரல்கள் அசையவில்லை. அம்சா அந்தக் கையால் சோற்றைத் தொடவில்லை. கரண்டியால் தின்றாள். அவர் மூஞ்சியிலும் இப்படித்தானே ஒட்டிக்கிடக்கும் என்று நினைத்தபோதுதான் இரண்டு வாய் இறங்கியது.

மறுநாள் பொன்னியம்மாள் முறத்தில் கீரையோடு வந்து பெண்கள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். மாஸ்டர் மூலையில், துண்டால் மூக்கை மூடிக்கொண்டு. இனி தாமலுக்குப் போய் வடிவை இழுத்துவரலாம் என்று அம்சா நினைத்துக்கொண்டாள். ஷன் பக்கத்தை ஒரு தப்பும் இல்லாமல் முழுக்க அடித்தாள். அடித்த தாளை உருவிச் சுருட்டி, பாடத் தாளையும் அதோடு கசக்கி, வாசல் சாக்கடையில் போட்டுக் காறித் துப்பினாள்.

உள்ளேயிருந்து பொன்னியம்மாளின் குரல் வந்தது:

“என் பேர்லயும் ஒண்ணு துப்பிட்டு வாமா.”